அந்தக் கதையில் சண்டையைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த சிறுகதையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாம் தடவை கோபம் வந்தது. ஒரு வாரம் போனால் ஆறிவிடும் என்று பார்த்தேன், ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கதை எங்கள் பக்கத்தில் நடக்கிறது என்பதால் ஆசையாகத்தான் எடுத்தேன். கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் ஒரு கரிசல் ஊர். மழை இல்லை. கடன். புருஷன் ஒன்றும் பேசாமல் வானத்தைப் பார்க்கிறான். பெண்டாட்டி ஒன்றும் பேசாமல் அவனைப் பார்க்கிறாள். கழுத்தில் கிடந்ததை ஒன்றும் பேசாமல் கழற்றிக் கொடுக்கிறாள். கடைசிப் பத்தியில் பூச்சிமருந்து டப்பா. கதை முடிந்தது.

அப்படி நடக்காது என்று சொல்ல வரவில்லை. எங்களுக்குப் பக்கத்து ஊரிலேயே நடந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணை எனக்குத் தெரியும், அவளைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனசு வராது. நான் கேட்பது வேறு. இரண்டு பேர் இருபது வருஷமாக ஒரே காட்டில் பாடுபடுகிறார்கள். மழை பொய்த்துவிட்டது. கையில் காசு இல்லை. அந்த வீட்டில் ஒரு சண்டைகூடவா வராது?

முதலில் ஒரு சின்ன விஷயம். கதைக்கு வரைந்திருந்த படத்தில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கதைக்குள்ளும் இரண்டு இடத்தில் "நிலத்தின் வெடிப்பு அவன் நெஞ்சின் வெடிப்பு" என்கிற மாதிரி வருகிறது. ஐயா, கரிசல் ஒவ்வொரு கோடையிலும் வெடிக்கும். சித்திரை, வைகாசியில் வந்து பாருங்கள், முழங்கை வரை கையை விடலாம். யாரும் அதைப் பார்த்து அழுவதில்லை. முதல் மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத்தான் அடிமண்ணுக்கு இறங்கும். ஈரம் பட்டதும் மண் ஊதி, வெடிப்பு தானாக மூடிக்கொள்ளும். மேய்கிற ஆட்டுக்குட்டி அதில் காலை விட்டுக்கொண்டு கத்தும், எங்களுக்கு அது ஒன்றுதான் தொந்தரவு. வறட்சி என்றாலே வெடித்த நிலம் என்று படம் போட்டுப் போட்டு, எழுதுகிறவர்களும் அதையே நம்பிவிட்டார்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் மானாவாரி. எங்கள் காட்டில் கிணறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை ஒன்றுதான் கணக்கு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கரிசல் நன்றாக நனைந்துவிட்டால் காட்டுக்குள் இறங்க முடியாது. மண் காலில் அப்பி, எட்டு வைக்க வைக்கக் கனத்துக்கொண்டே போகும். டிராக்டர் இறங்கினால் அங்கேயே நிற்கும். மழை விட்டு, வெயிலடித்து, மண் பதத்துக்கு வருவதற்குள் அடுத்த மழை பிடித்துவிடும். இப்படியே இருபது நாள் தள்ளிப்போனால், பிந்தி விதைத்த பயிர் காய் பிடிக்கிற நேரத்தில் நிலத்தில் ஈரம் இருக்காது. அதனால் புரட்டாசியிலேயே, ஒரு சொட்டு மழை விழுமுன்பே, காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடிவிடுவோம். புழுதி விதைப்பு என்போம். மூன்று விரல் ஆழத்தில் விதை சும்மா கிடக்கும். நல்ல மழையாக ஒன்று இறங்கினால் முளைத்து வரும். அந்த ஒரு மழையோடு வானம் வெளுத்துவிட்டால் முளைத்ததெல்லாம் கருகும். விதைக் காசும் போச்சு, உழவுக் கூலியும் போச்சு.

போடுவதா, காத்திருப்பதா? 1989-ல் நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் புரட்டாசிக்குப் புரட்டாசி இதுதான் சண்டை. பெருமாளுக்கு விரதம் இருக்கிற மாதத்தில் நாங்கள் இருக்கிறது வேறு விரதம்.

2016-ஐ மட்டும் சொல்கிறேன். நாலு ஏக்கருக்கு உளுந்து, 32 கிலோ விதை. என் சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்து வாங்கியது. (அந்தக் கதைப் பெண் போல நான் பேசாமல் கழற்றவில்லை. எந்தத் தேதிக்குள் திருப்புவீர்கள் என்று கேட்டு, காலண்டரில் எழுத வைத்துவிட்டுத்தான் கழற்றினேன்.) இரண்டு ஏக்கர் மட்டும் புழுதியில் போடுங்கள், மிச்ச விதை வீட்டில் இருக்கட்டும், மழையைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். "ஊரே போடுது, நாம மட்டும் பாதிக் காட்டைச் சும்மா போட்டுட்டு நிக்கவா?" என்று கேட்டார். நாலு ஏக்கரையும் ஒரே நாளில் போட்டு முடித்தார்.

ஐப்பசியில் ஒரு மழை வந்தது. உளுந்து முளைத்தது. சால் பிடித்த மாதிரி பச்சையாக இரண்டிரண்டு இலை. அவர் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார். என்னைப் பார்க்கும்போது மீசையைத் தடவிக்கொள்வார். அப்புறம் மழையே இல்லை. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்த மாவட்டம் என்று அரசாங்கம் அறிவித்தது.

அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, "பாத்தியா, எல்லா ஊர்லயும்தான் போச்சு" என்றார். குரலில் ஒரு நிம்மதி. எனக்குச் சுர்ரென்று வந்தது. "எல்லா ஊர்லயும் பாதி விதையாவது வீட்ல கிடக்கும்" என்றேன்.

அன்றைக்கு நின்ற பேச்சு இருபத்திரண்டு நாள் திரும்ப வரவில்லை. சோறு ஆக்கினேன், வைத்தேன், அவர் சாப்பிட்டார். பேச வேண்டியதையெல்லாம் வாசலில் கட்டிக் கிடந்த வெள்ளாட்டிடம் பேசினார். "சீனி தீந்துபோச்சுன்னு யாராச்சும் சொன்னாத்தானே கடைக்குப் போறவன் வாங்கியாருவான்?" ஆடு தழையை மென்றுகொண்டே அவரைப் பார்க்கும். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "டப்பாவைத் திறந்து பாத்தா தெரியும்" என்பேன். எங்கள் மகன் அப்போது திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். போன் பண்ணினால் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசுவான். பாவம், அவன் அங்கே ஷிப்டு முடிந்து வந்து எங்கள் பஞ்சாயத்தைக் கேட்க வேண்டும்.

அந்தச் சண்டையை யாரும் பேசித் தீர்க்கவில்லை. ஒருநாள் ராத்திரி அதே ஆடு குட்டி போட ஆரம்பித்தது. கால் முன்னால் வரவில்லை, சிக்கிவிட்டது. ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை இல்லை. "டார்ச்சை இங்கிட்டுப் பிடி" என்றார். பிடித்தேன். "கொஞ்சம் கீழே" என்றார். கீழே பிடித்தேன். இரண்டு குட்டி, ஒன்று செத்துப் பிறந்தது. கையைக் கழுவும்போது நான் தண்ணீர் ஊற்றினேன். சமாதானம் அவ்வளவுதான்.

இத்தோடு நிறுத்தினால் நான் கெட்டிக்காரி, அவர் அவசரக்காரர் என்று ஆகிவிடும். அதுவும் பொய். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தார். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது, விடவே இல்லை. சுற்றிலும் புழுதியில் போட்டவர்கள் காடெல்லாம் தளதளவென்று எழுந்து நிற்க, நாங்கள் கார்த்திகை பாதியில்தான் காட்டுக்குள் இறங்கினோம். விளைந்ததை நான் சொல்ல மாட்டேன், வெட்கம். அவர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. ராத்திரி சாப்பிடும்போது பக்கத்துக் காட்டைப் பற்றி மட்டும், "நல்லா வந்திருக்கு" என்றார். கஞ்சி தொண்டையில் நின்றது.

கதை எழுதுகிறவர்கள் இதை, "மனிதனுக்கும் இயற்கைக்கும் நடக்கும் போராட்டம்" என்கிறார்கள். இயற்கை யாரோடும் போராட வரவில்லை. மழைக்கு எங்கள் மேல் பகை ஒன்றும் கிடையாது, அதற்கு எங்களைத் தெரியவே தெரியாது. வாய் இல்லாத ஒன்றோடு எத்தனை பக்கத்துக்குச் சண்டை போட முடியும்? எழுதுகிறவருக்கே அலுத்துப்போய்க் கடைசியில் மருந்து டப்பாவைத் தேடுகிறார். வாய் இருக்கிறவர்கள் அந்த வீட்டுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சொல்வதிலும் நியாயம், மற்றவர் சொல்வதிலும் நியாயம், விதை மட்டும் 32 கிலோ. எனக்குத் தெரிந்து கதை அங்கேதான் இருக்கிறது.

பெரிய முடிவில்தான் சண்டை வரும் என்றும் இல்லை. மக்காச்சோளத்துக்கு மாறினோமே, அந்தக் கதையைக் கேளுங்கள். உளுந்தைவிட நல்ல காசு என்று எல்லாரும் மாறினார்கள், இவரும் மாறினார். கம்பு ஒரு ஏக்கராவது கிடக்கட்டும், நமக்கும் ஆகும், ஆட்டுக்கும் தட்டை ஆகும் என்றேன். காதில் விழவில்லை. 2018-ல் படைப்புழு வந்தது. அதுவரை அந்தப் புழுவை இந்தியாவிலேயே யாரும் பார்த்ததில்லை என்றார்கள். குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும், மரத்தூள் மாதிரி எச்சம் வெளியே வழியும். மருந்து அடித்தோம், குருத்துக்குள் மணலை அள்ளிப் போட்டோம், செடி செடியாகக் குனிந்து இடுப்பு விட்டுப்போனது. புழுவுக்குத் தப்பியது கதிர் வாங்கினதும் காட்டுப்பன்றி வந்தது. பன்றிக்கு எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற வைத்தியம், குச்சி நட்டுக் காட்டைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டுவது. காற்றில் ஆடுவதைப் பார்த்து ஆள் நிற்கிறது என்று பயந்து ஓடும். முதல் பத்து நாளைக்கு ஓடும், அப்புறம் அதுக்கும் தெரிந்துவிடும்.

ஒருநாள் களை எடுக்கப் போனவள் வடக்கு மூலையில் நின்றுவிட்டேன். வேலியில் ஆடிக்கொண்டிருந்தது என் கத்தரிப்பூ நிறச் சேலை. தலைப்பிரசவத்துக்கு என்னைக் கூட்டிப்போன அன்றைக்கு எங்கள் அம்மா எடுத்துக் கொடுத்தது. முந்தியில் இரண்டு இடத்தில் இற்றுப்போயிருந்தது, உண்மைதான். நான் கட்டியும் பத்து வருஷம் இருக்கும். ஆனால் டிரங்குப் பெட்டியில் அடியில் மடித்து வைத்திருந்ததை யார் எடுக்கச் சொன்னது?

"கிழிஞ்ச சேலைதானே" என்றார்.

"உங்க கல்யாண வேட்டியும் கிழிஞ்சுதான் கிடக்கு. அதைக் கட்ட வேண்டியதுதானே?"

"வேட்டி வெள்ளை. பன்னி பயப்படாது."

எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் என் தோல்வி. அன்றைக்குச் சாயங்காலம் அதை அவிழ்த்துவிட்டு வேறு சேலையைக் கட்டினேன். அதே மூலை வழியாக ராத்திரி பன்றி நுழைந்து நாலு வரிசையைச் சாய்த்துப் போட்டது. மறுநாள் காலையில் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை உங்கள் கதாசிரியர் எழுதட்டும், அவருக்குப் பத்திரிகைக்காரர்கள் பரிசு கொடுக்க வேண்டாம், நான் கொடுக்கிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். மாதக் கூட்டத்துக்கு டவுனுக்குப் போகும்போது கிளை நூலகத்தில் நுழைந்து ஏதாவது எடுத்து வருவேன். அப்படிக் கையில் கிடைத்ததுதான் "நிலவளம்". க.நா.சு. மொழிபெயர்த்தது. நார்வேக்காரர் நட் ஹாம்சன் 1917-ல் எழுதிய நாவல். 1920-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆள் அரவமில்லாத காட்டில் ஐசக் என்று ஒருவன் தனியாக வந்து நிலத்தைத் திருத்துகிறான். இங்கர் என்று ஒரு பெண் வந்து சேர்கிறாள், மேலுதடு பிளந்தவள். பனி, பாறை, பசி எல்லாம் இருக்கிறது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது அது இல்லை. இங்கருக்குப் பிறந்த பெண் குழந்தைக்கும் அதே உதடு. புருஷன் வீட்டில் இல்லாத நேரத்தில் அந்தக் குழந்தையை அவளே கொன்றுவிடுகிறாள். சிறைக்குப் போகிறாள். வருஷங்கள் கழித்துத் திரும்பி வரும்போது உதடு தைத்திருக்கிறது, தையல் கற்றிருக்கிறாள், டவுன் பழக்கம் வந்துவிட்டது. இவன் அதே காட்டு மனுஷன். இத்தனை நாள் யாருக்காகக் காத்திருந்தானோ அவள் வந்துவிட்டாள், ஆனால் இவள் அவள் இல்லை. இனி அந்த ஒரே கூரைக்குள் இரண்டு பேரும் எப்படி இருப்பது? பனி எந்த நாட்டில் பெய்தால் என்ன, எனக்கு அந்த வீடு நன்றாகத் தெரிந்தது. யார் பக்கம் பேசுவது என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை.

எழுதியவர் வயசான காலத்தில் ஹிட்லர் பக்கம் நின்றவர் என்று பிறகு நூலகத்தில் ஒருவர் சொன்னார். அது தனி வயிற்றெரிச்சல். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறபோது கொஞ்சம் யோசித்தேன், கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் கதையில் இன்னொன்றும் உறுத்தியது. அதில் அவனை "விவசாயி" என்று எழுதியிருக்கிறார், அவளை "விவசாயியின் மனைவி" என்று எழுதியிருக்கிறார். விதை பொறுக்குவது, களை எடுப்பது, உளுந்து நெற்று பறிப்பது, ஆடு மாடு எல்லாம் அவள்தான். பட்டா அவன் பேரில். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவில் பெண்கள் பொறுப்பில் இருக்கிற சாகுபடி நிலங்கள் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 14தான். எங்கள் வீட்டிலும் அதே கதை. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்கிற கிராமக் கணக்கு) வாங்க அவர் பேர் வேண்டும். வருஷத்துக்கு 6,000 ரூபாய் பி.எம். கிசான் பணம் மூன்று தவணையாக அவர் கணக்கில்தான் விழும், மெசேஜ் அவர் போனுக்குத்தான் வரும். சொன்னால் உண்டு.

என் அப்பா வீட்டிலும் புஞ்சை இருந்தது. தமிழ்நாட்டில் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் பிறப்பிலேயே பங்கு என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 25. அதற்கு முன்னாலேயே கல்யாணம் ஆனவர்களுக்கு அது கிடையாது. என் கல்யாணம் அந்த வருஷம் தை மாதம். இரண்டு மாதத்தில் தப்பியது. 2005-ல் மத்திய சட்டம் வந்து அந்தத் தடையை எடுத்தபோது, அண்ணன்மார் அதற்கு ரொம்ப முன்னாலேயே பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்திருந்தார்கள். ஆகவே எங்கள் வீட்டுச் சண்டை சமமான சண்டையும் இல்லை. நாலு ஏக்கரையும் விதைத்துவிட்டு வந்து நிற்கிறவரிடம் நான் வாயைத்தான் காட்ட முடியும். "என் காடு, என் இஷ்டம்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த இடத்தை ஒரு கதையில் தொட்டிருந்தால், சங்கிலியைக் கழற்றுகிற அந்தப் பெண் கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும்.

அந்தக் கதையை எழுதியவர் சின்ன வயசுக்காரர் என்று படத்தைப் பார்த்தால் தெரிகிறது. மொழி நன்றாக இருக்கிறது, மனசும் நல்ல மனசு. எங்கள் மேல் இரக்கப்பட்டு எழுதியிருக்கிறார். ஆனால் ரொம்ப இரக்கப்பட்டதால், அந்த இரண்டு பேரையும் தப்பே செய்யாதவர்களாக ஆக்கிவிட்டார். அவன் நாலு ஏக்கரையும் விதைக்கட்டும். அவள் முந்தியில் ஐநூறு ரூபாயை முடிந்து வைத்துக்கொண்டு இல்லை என்று சாதிக்கட்டும். அவன் அதைக் கண்டுபிடிக்கட்டும். ஒருநாள் புரட்டாசியில் எங்கள் ஊருக்கு வரச் சொல்லுங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தால் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கேட்கும். சாப்பாடு போடுகிறேன்.

என் பேரும் ஊர் பேரும் போட வேண்டாம். சேலை விஷயத்தை வைத்தே எங்கள் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள், அது பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.

பி.கு.: எழுதி முடித்து அவரிடம் வாசித்துக் காட்டினேன். சேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தது இருபத்திரண்டு நாள் இல்லை, பத்தொன்பதுதான் என்கிறார். ஆடு குட்டி போட்டது அமாவாசைக்கு முந்தின ராத்திரி என்று அவர் ஒரு கணக்கு சொல்கிறார். சங்கிலிக்கு வட்டி கட்டப் போன தேதி என் நோட்டில் இருக்கிறது. நீங்கள் இருபத்திரண்டு என்றே போடுங்கள்.